திருக்குறள் முற்றோதல்: தருமபுரி, கிருஷ்ணகிரிப் பெற்றோருக்கு ஒரு நடைமுறை வழிகாட்டி

1330 குறளையும் ஒப்பிக்கும் பள்ளி மாணவர்களுக்குத் தமிழ் வளர்ச்சித் துறை வழங்கும் பரிசு 15,000 ரூபாய், கூடவே பாராட்டுச் சான்றிதழ். அறிவிப்பு வந்த பிறகு புத்தகத்தைக் கையில் எடுத்து, நாற்பது ஐம்பது அதிகாரத்தோடு மூச்சு வாங்கி நின்றுவிடும் பிள்ளைகள்தாம் அதிகம். பிள்ளைக்கு ஞாபகசக்தி போதாது என்று வீட்டில் முடிவுகட்டி விடுகிறார்கள். பெரும்பாலும் காரணம் வேறு. புதிதாகப் படிக்க நேரம் ஒதுக்கியவர்கள் பழையதைத் திருப்ப நேரம் ஒதுக்கியிருக்க மாட்டார்கள். தினம் எதை, எந்த வேளையில், எந்த வரிசையில் சொல்வது என்று முடிவாகிவிட்டால் சராசரிப் பிள்ளையே முடித்துவிடும். அந்த ஒழுங்கையும், விண்ணப்ப வேலையையும் இங்கே வரிசையாகச் சொல்கிறோம்.

1. தேர்வில் என்ன கேட்பார்கள்

முதல் குறளில் தொடங்கி 1330 வரை உட்கார்ந்து கேட்க எந்தக் குழுவுக்கும் நேரம் இருக்காது. ஒரு குறளுக்கு எட்டு நொடி என்று வைத்தாலும் மொத்தம் மூன்று மணி நேரம் ஆகும். அதனால் இடையிடையே எடுத்துக் கேட்பார்கள். குறள் எண்ணைச் சொல்லிக் குறளைக் கேட்கலாம், அதிகாரத்தின் எண்ணையோ பெயரையோ சொல்லிக் கேட்கலாம். முதற்சொல்லைக் கொடுத்துத் தொடரச் சொல்லலாம், ஈற்றுச்சொல்லைக் கொடுத்து முழுக் குறளையும் சொல்லச் சொல்லலாம். திருக்குறளுக்கும் திருவள்ளுவருக்கும் உள்ள சிறப்புப் பெயர்கள் தெரிந்திருக்க வேண்டும். பொருளும் தெரிந்திருந்தால் கூடுதல் தகுதி.

ஆகவே பாட்டுப்போல ஒரே ஓட்டமாகச் சொல்லத் தெரிந்த பிள்ளை பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறது. "ஏழாவது குறள் சொல்லு" என்றதும் உதட்டுக்குள் ஒன்றிலிருந்து முணுமுணுத்துக்கொண்டு ஏழுக்கு வரும். அதற்குள் அடுத்த கேள்வி வந்துவிடும். மெட்டுப் போட்ட காணொளிகளை வைத்து மனப்பாடம் செய்த பிள்ளைகளுக்கு இந்தச் சிக்கல் இன்னும் அதிகம், நடுவில் தொடங்கவே வராது. கேட்டுப் பழக அவை நல்லவை, மனப்பாடத்துக்கு வேண்டாம்.

2. ஒரே ஒரு புத்தகம்

வீட்டில் ஒன்று, பள்ளியில் ஒன்று, போனில் ஒன்று என்று வைத்துக்கொள்ளாதீர்கள். அதிகாரத்துக்குள் குறள்களின் வரிசை பரிமேலழகர் உரையில் ஒரு மாதிரியும் மணக்குடவர் உரையில் வேறு மாதிரியும் வரும். பாடபேதங்களும், அதாவது பதிப்புக்குப் பதிப்பு சொல் மாறுவதும் உண்டு. எண் சொல்லிக் கேட்கும் தேர்வில் வரிசை மாறினால் எல்லாம் மாறிப்போகும். பரிமேலழகர் வரிசையில் உள்ள, ஒவ்வொரு குறளுக்கும் தொடர் எண் போட்ட பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள். தெளிவுரையோடு கிடைக்கும் சாதாரணக் கட்டு 50 முதல் 150 ரூபாய்க்குள் கிடைக்கும். தருமபுரி புத்தகத் திருவிழா நடக்கும் நாளாக இருந்தால் நாலைந்து பதிப்பைப் புரட்டிப் பார்த்து எடுக்கலாம்.

வாங்கும்போது இன்னொன்றையும் பாருங்கள். சொல்லை முழுக்கப் பிரித்து அச்சிட்ட பதிப்பு படிக்க எளிது, ஒப்பிக்கும்போது ஓசை உடையும். சேர்த்தே அச்சிட்டதில் பொருள் பிடிபடாது. 396ஆம் குறளைத் "தொட்டனைத் தூறும்" என்று மட்டும் படித்த பிள்ளையிடம் பொருள் கேட்டால் மழைத் தூறல் என்று சொல்லும். "தொட்டனைத்து ஊறும்" என்று ஒருமுறை பிரித்துக் காட்டி, தோண்டிய அளவு கிணறு ஊறும் என்று சொல்லிவிட்டு, வாயால் சொல்லும்போது மட்டும் சேர்த்துச் சொல்ல வையுங்கள். சேர்த்து அச்சிட்ட பதிப்பை வாங்கி, பிரிப்பதைப் பென்சிலால் நீங்கள் குறித்துக் கொடுப்பதே எங்கள் தேர்வு.

3. காலக்கணக்கு

நாளைக்கு ஐந்து புதுக் குறள், திங்கள் முதல் வெள்ளி வரை. வாரத்துக்கு 25. சனிக்கிழமை திருப்புதல் மட்டும், ஞாயிறு ஓய்வு. இந்தக் கணக்கில் 1330 முடிய 53 வாரத்துக்குச் சற்று மேல். காலாண்டு, அரையாண்டு, முழு ஆண்டுத் தேர்வுகளில் புதுக் குறளை நிறுத்தவேண்டி வரும், ஊர் மாரியம்மன் திருவிழா வாரத்தில் எந்தப் பிள்ளையும் உட்காராது. இதற்கெல்லாம் ஏழெட்டு வாரம் தள்ளுங்கள். ஜூனில் தொடங்கினால் அடுத்த ஆண்டு ஆகஸ்டு வாக்கில் 1330ஐத் தொடலாம். அதன்பின் எண், முதற்சொல், ஈற்றுச்சொல் பழக மூன்று மாதம். ஆக, ஒன்றரை ஆண்டு வேலை இது.

இதில் அறத்துப்பால் 38 அதிகாரம், 380 குறள். ஜூன் முதல் வாரம் தொடங்கினால் காலாண்டுத் தேர்வுக்கு முன்னால் முடிந்துவிடும். முடியவில்லை என்றால் வேகத்தைக் கூட்டாமல், நாளுக்கு நான்காகக் குறைத்து முடிவுத் தேதியைத் தள்ளிப்போடுங்கள். நாளுக்குப் பத்து வைத்து ஆறே மாதத்தில் முடிப்போம் என்று இறங்குகிறவர்கள் பொருட்பாலின் நடுவில் நிற்பார்கள், ஏனென்றால் அப்போது திருப்பவேண்டியது மலைபோல் சேர்ந்திருக்கும்.

ஐந்தாம் வகுப்பும் ஆறாம் வகுப்பும் தொடங்க நல்ல வயது. இரண்டாம் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு நாளுக்கு இரண்டு போதும். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு ஆண்டில் புதிதாகத் தொடங்க வேண்டாம்.

எளிய அதிகாரங்களை முதலில் முடித்துக்கொள்ளலாமே என்று தோன்றும். செய்யாதீர்கள், ஒன்றிலிருந்து வரிசையாகவே போங்கள். தாவித் தாவிப் படித்த பிள்ளைக்கு அதிகார எண் கடைசிவரை ஒட்டாது. இன்பத்துப்பாலைத் தவிர்க்க நினைக்கும் வீடுகளும் உண்டு. 250 குறளை விட்டுவிட்டால் அது முற்றோதல் ஆகாது, விண்ணப்பிக்கவும் முடியாது. சின்னப் பிள்ளைகளுக்குப் பிரிவு, காத்திருப்பு, ஊடல் என்று ஒருவரிப் பொருள் சொன்னால் போதும், சங்கடப்படுவது பெரியவர்கள்தாம்.

4. ஒரு நாளின் வரிசை

எல்லாமே இதில்தான் இருக்கிறது. புதியது மாலையில், பழையது காலையில். மாற்றி வைத்தால் நடக்காது.

மாலை, வீட்டுப்பாடம் முடிந்ததும் கால் மணி நேரம்: புதுக் குறள் ஐந்து. முதலில் நீங்கள் ஒருமுறை உரக்கப் படியுங்கள், பொருளை ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள். பிறகு பிள்ளை பார்த்து மூன்று முறை படிக்கட்டும். அதன்பின் முதலடி நான்கு சீரைப் பாராமல் சொல்ல வேண்டும், அடுத்து இரண்டாம் அடி மூன்று சீர், பிறகு இரண்டும் சேர்த்து. ஒரு குறள் நின்ற பிறகே அடுத்தது. ஐந்தும் முடிந்ததும் ஐந்தையும் சேர்த்து ஒருமுறை.

படுக்குமுன் ஐந்து நிமிடம்: அதே ஐந்தைப் புத்தகம் இல்லாமல். திக்கினால் திருத்துங்கள், திட்டவேண்டாம்.

காலையில் இருபது நிமிடம், பல் துலக்கியதும், டிவியும் போனும் எழுந்திருக்குமுன். முதலில் நேற்றைய ஐந்து. அது வந்தால்தான் இன்று மாலை புதியது. மூன்றுக்கு மேல் மறந்திருந்தால் மாலையில் பழைய ஐந்தையே மறுபடி எடுங்கள். அதன்பிறகு பழைய அதிகாரங்களின் சுற்று.

சுற்று என்பது இப்படி: இதுவரை முடித்த அதிகாரங்களை ஆறால் வகுத்து நாளுக்கு ஒரு பங்கு. 42 அதிகாரம் முடித்திருந்தால் நாளுக்கு ஏழு. ஓர் அதிகாரம் சொல்ல ஒன்றரை நிமிடத்துக்குள் ஆகும் என்பதால் பத்து நிமிட வேலை. 66 அதிகாரம் ஆனபின் நாளுக்குப் பதினொன்று, கால் மணி நேரம். நூறைத் தாண்டும்போது நாளுக்குப் பதினேழு, இருபது நிமிடத்தைத் தாண்டிவிடும். அப்போது பள்ளி வேன் ஏழேகாலுக்கு வந்து நிற்கும் வீட்டில் காலைச் சுற்றை இரண்டாக்கி, பாதியை மாலைக்குக் கொண்டுபோகலாம். எப்படி ஆனாலும் முடித்த அதிகாரம் ஒவ்வொன்றும் வாரத்துக்கு ஒருமுறையாவது வாயில் வந்தாக வேண்டும். இரண்டு வாரம் தொடாமல் விட்ட அதிகாரத்தைப் புதிதாகப் படிப்பதுபோலத்தான் மீண்டும் படிக்கவேண்டி வரும்.

1330 முடிந்தபின் கணக்கு இன்னும் எளிது. 133ஐ ஏழால் வகுத்தால் மிச்சமில்லாமல் 19. திங்கள் 1–19, செவ்வாய் 20–38, புதன் 39–57, வியாழன் 58–76, வெள்ளி 77–95, சனி 96–114, ஞாயிறு 115–133. செவ்வாயோடு அறத்துப்பால் முடியும், புதன் இறைமாட்சியில் தொடங்கும். வெள்ளியோடு பொருட்பாலின் ஒரு பிரிவான அங்கவியல் முடியும், சனி குடிமையில் தொடங்கும். நாளுக்கு 25 நிமிடம், வாரத்தில் முழு நூலும் ஒரு சுற்று. இந்தக் கட்டத்தில் ஞாயிறு ஓய்வு கிடையாது. அன்றைய பங்கில் 115ஆம் அதிகாரம் தவிர மற்றதெல்லாம் இன்பத்துப்பாலின் பிற்பகுதியான கற்பியல்தான், குறள்கள் வேகமாக வரும்.

கேட்கிறவருக்கும் ஓர் ஒழுங்கு வேண்டும். பிள்ளை நின்றதும் உடனே எடுத்துக் கொடுக்காதீர்கள். மனசுக்குள் ஐந்து எண்ணுங்கள். அப்போதும் வரவில்லை என்றால் ஒரே ஒரு சீர் மட்டும் கொடுங்கள். புத்தகத்தில் அந்தக் குறளுக்கு எதிரே பென்சிலால் ஒரு புள்ளி. ஒரே குறளுக்கு மூன்று புள்ளி சேர்ந்தால் அதைத் தனி நோட்டில் எழுத வைத்து, அந்த வாரம் தினமும் கேளுங்கள். அம்மா ஒருநாள், அப்பா ஒருநாள், தாத்தா ஒருநாள் என்று ஆள் மாறினாலும் புள்ளி வைக்கும் பழக்கம் மாறக்கூடாது. படிக்கத் தெரியாத பாட்டி கேட்டாலும் பலன் உண்டு. பிள்ளை நின்ற இடத்தை அவர் சொன்னால் போதும், புள்ளியை நீங்கள் வைத்துக்கொள்ளலாம்.

5. எண் பழக்கம்

குறள் எண்ணிலிருந்து அதிகாரத்தைப் பிடிக்க: எண்ணில் ஒன்றைக் கழித்து, வரும் விடையின் கடைசி இலக்கத்தை நீக்கி, மிஞ்சியதோடு ஒன்றைக் கூட்டுங்கள். 396 என்றால் 395, கடைசி இலக்கம் போனால் 39, ஒன்று கூட்டினால் 40. நாற்பதாவது அதிகாரம் கல்வி, அதில் ஆறாவது குறள். பிள்ளைகள் தவறுவது சுழியத்தில் முடியும் எண்களில். 400 என்றதும் 41க்கு, கல்லாமைக்குப் போய்விடுவார்கள். 400 கல்வியின் பத்தாவது குறள், "கேடில் விழுச்செல்வம்".

அடுத்து முதற்சீர் அட்டை. பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டினாலே 133 அட்டை தேறும். முன்பக்கம் அதிகார எண்ணும் பெயரும், பின்பக்கம் பத்துக் குறளின் முதற்சீர் மட்டும். கல்விக்கு இப்படி இருக்கும்: கற்க, எண்ணென்ப, கண்ணுடையர், உவப்பத், உடையார்முன், தொட்டனைத், யாதானும், ஒருமைக்கண், தாமின், கேடில். அட்டையைப் பிள்ளையே எழுதட்டும், எழுதும்போதே பாதி ஏறிவிடும். எல்லாவற்றையும் ஒரு டப்பாவில் போட்டு, சாப்பிட்டதும் மூன்று அட்டை எடுக்கச் சொல்லுங்கள். பெயர் சொன்னால் எண், எண் சொன்னால் பெயர், பிறகு "நாலாவது", "ஒன்பதாவது" என்று மாற்றி மாற்றிக் கேளுங்கள். சனிக்கிழமையில் இரண்டு அதிகாரங்களைப் பத்திலிருந்து ஒன்றுக்குத் தலைகீழாகச் சொல்ல வையுங்கள். ஒன்றிலிருந்து முணுமுணுக்கும் பழக்கம் இதில்தான் போகும்.

6. ஒன்றோடொன்று குழம்பும் குறள்கள்

மெய்யுணர்தலில் 355: "எப்பொருள் எத்தன்மைத் தாயினும் அப்பொருள் மெய்ப்பொருள் காண்பது அறிவு." அறிவுடைமையில் 423: "எப்பொருள் யார்யார்வாய்க் கேட்பினும் அப்பொருள் மெய்ப்பொருள் காண்பது அறிவு." இரண்டாம் அடி இரண்டிலும் ஒன்றே. ஈற்றடி சொல்லிக் கேட்டால் இரண்டையும் எண்ணோடு சொல்லத் தெரிய வேண்டும். 26 "செயற்கரிய செய்வார்", 781 "செயற்கரிய யாவுள" – முதற்சொல் ஒன்று. "உலகு" என முடிவது முதல் குறள் மட்டும் என்று நினைக்கும் பிள்ளைகள் 27ஐ, "வகைதெரிவான் கட்டே உலகு" என்பதை, விட்டுவிடுவார்கள்.

அதிகாரப் பெயரிலும் இந்தக் குழப்பம் உண்டு. 28 கூடா ஒழுக்கம், 83 கூடா நட்பு, 82 தீ நட்பு. 106 இரவு என்றதும் ராத்திரி என்று பொருள் சொல்லும் பிள்ளைகள் ஏராளம், அது இரந்து கேட்பது. அடுத்த அதிகாரம் இரவச்சம் என்பதைச் சேர்த்துச் சொல்லிக் கொடுத்தால் மறக்காது.

இப்படிப்பட்ட இணைகளை ஒரு நோட்டில் எதிரெதிர்ப் பக்கங்களில் எழுதுங்கள். இரண்டாவது இணைக் குறள் படிக்க வரும் நாளிலேயே முதலாவதை எடுத்துப் பக்கத்தில் வைத்துவிட வேண்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் இரண்டும் கலந்துவிடும்.

7. உச்சரிப்பு

ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளி பக்கம் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசும் பிள்ளைகள் நிறைய. அவர்களுக்கு ழகரம் ளகரமாகும். தமிழ் மட்டுமே பேசும் வீட்டிலும் நிலைமை பெரிதாக மேலில்லை. 66ஆம் குறள் நல்ல பயிற்சி: "குழல்இனிது யாழ்இனிது என்பதம் மக்கள் மழலைச்சொல் கேளா தவர்." மூன்று ழகரமும் இரண்டு ளகரமும் ஒரே குறளில். தினம் காலையில் தொடங்குமுன் இதை மூன்று முறை சொல்ல வையுங்கள். முதல் மாதத்திலேயே திருத்துங்கள். தவறாக ஏறிய ஓசையை ஆயிரம் குறளுக்குப் பிறகு மாற்றுவது கடினம்.

8. விண்ணப்பமும் ஆவணங்களும்

1 முதல் 12ஆம் வகுப்பு வரை படிக்கும் மாணவர்களுக்கானது. ஏற்கெனவே இந்தப் பரிசு வாங்கியவர்கள் மறுபடி வரமுடியாது. பள்ளி எந்த மாவட்டத்தில் இருக்கிறதோ அந்த மாவட்டத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ஊத்தங்கரைப் பக்கத்து வீட்டுப் பிள்ளை அரூரில் படித்தால் தருமபுரி, அரூர்ப் பிள்ளை ஊத்தங்கரையில் படித்தால் கிருஷ்ணகிரி. இரண்டு மாவட்டத்திலும் தமிழ் வளர்ச்சித் துறை அலுவலகம் மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில் இருக்கிறது. படிவம் அங்கே நேரில் கிடைக்கும், துறையின் இணையதளத்திலும் கிடைக்கும்.

அறிவிப்பு மாவட்ட ஆட்சியரின் செய்திக்குறிப்பாக வரும், நாளிதழ்களின் மாவட்டப் பக்கத்தில் சின்னதாகப் போடுவார்கள். தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும். பள்ளித் தமிழாசிரியரிடம் ஜூன் மாதமே சொல்லி வையுங்கள், மாதம் ஒருமுறை அலுவலகத்திலும் கேளுங்கள். கடைசித் தேதிக்கு இரண்டு நாள் முன்பு தெரிந்துகொண்டு ஓடுகிறவர்கள் தலைமையாசிரியர் கையொப்பத்துக்காக மாட்டிக்கொள்வார்கள். அவர் கூட்டம், பயிற்சி என்று வெளியே போயிருந்தால் அன்றைய நாள் போச்சு.

முன்கூட்டியே ஒரு கவரில் போட்டு வைக்க வேண்டியவை: பள்ளியில் படிப்பதற்கான சான்று (போனஃபைட்), ஆதார் நகல், பாஸ்போர்ட் அளவுப் படங்கள் நான்கு, பிள்ளை பெயரில் உள்ள வங்கிப் பாஸ்புக்கின் முதல் பக்க நகல். ஆதாரில் ஒரு தலைப்பெழுத்து, பள்ளிப் பதிவில் இரண்டு, பாஸ்புக்கில் அப்பா பெயர் முழுசாக என்று மூன்று இடத்தில் மூன்று விதமாக இருப்பது சாதாரணம். பணம் வரும் நேரத்தில் இதுதான் இழுத்தடிக்கும். பள்ளிப் பதிவை அடிப்படையாக வைத்து மற்றதைத் திருத்துங்கள், ஒன்றரை ஆண்டு கையில் இருக்கிறதே.

கணக்கு இல்லை என்றால் அஞ்சலகச் சேமிப்புக் கணக்கை 500 ரூபாயில் தொடங்கலாம். பத்து வயது ஆனவர்கள் தாங்களே இயக்கலாம், அதற்குக் கீழே என்றால் பெற்றோர் பாதுகாவலராக இருக்க வேண்டும். ஏற்கெனவே பள்ளி உதவித்தொகைக்காகத் தொடங்கிய கணக்கு இருந்தால் அது உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். நீண்டகாலம் தொடாமல் விட்ட கணக்கு முடங்கியிருக்கும், அதற்கு மறுபடி ஆதார் நகலோடு கிளைக்குப் போகவேண்டும்.

9. செலவு

புத்தகம், இரண்டு நோட்டு, அட்டை, புகைப்படம், ஜெராக்ஸ் எல்லாம் சேர்த்து 400 ரூபாய்க்குள் முடியும். இதற்குமேல் ஆகும் செலவு மாவட்டத் தலைநகருக்குப் போய்வரும் பஸ் கட்டணமும் உங்கள் அரைநாள் கூலியும். முற்றோதலுக்கென்று மாதக் கட்டணம் கேட்கும் வகுப்புகளுக்குப் போகவேண்டியதில்லை. வகுப்பில் வாரம் இரண்டு மணி நேரம் கேட்பார்கள், காலையில் உங்கள் வீட்டில் யார் கேட்பது?

10. நேராய்வு (நேரில் கேட்கும் தேர்வு) நாள்

முந்தின நாள் முழு நூலையும் திருப்ப வேண்டாம். அன்றைய 19 அதிகாரமும் இணைக் குறள் நோட்டும் மட்டும் போதும். ஒகேனக்கல், பென்னாகரம் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் முதல் பஸ்ஸைப் பிடியுங்கள். ஆட்சியர் அலுவலகம் ஊர் நடுவில் இல்லை, பஸ் நிலையத்தில் இறங்கி நகரப் பேருந்தோ ஷேர் ஆட்டோவோ பிடிக்க வேண்டும், அதற்கு அரை மணி நேரம் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். அசல் ஆவணங்களும் பள்ளிச் சீருடையும் இருக்கட்டும். தண்ணீரும் ஏதாவது தீனியும் கொண்டுபோங்கள், முறை வரும்வரை காத்திருக்க வேண்டியிருக்கும்.

காத்திருக்கும் இடத்தில் மற்றப் பிள்ளைகள் படபடவென்று ஒப்பிப்பதைக் கேட்டு உங்கள் பிள்ளை மிரளும். வராந்தாவுக்கு வெளியே அழைத்துப்போய் உட்கார்ந்திருங்கள். உள்ளே கேள்வி புரியவில்லை என்றால் "மறுபடி சொல்லுங்க ஐயா" என்று கேட்கலாம் என்றும், வராத குறளுக்குத் "தெரியவில்லை" என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போகலாம் என்றும் முன்பே சொல்லி வையுங்கள். இல்லாத சொல்லைப் போட்டு ஒப்பேற்றுவதைக் கேட்கிறவர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

தேர்வானவர்களின் பெயர் மாவட்டத்திலிருந்து சென்னையிலுள்ள தமிழ் வளர்ச்சி இயக்ககத்துக்குப் போய், அனுமதி வந்த பிறகே பரிசு வரும். இதற்கு மாதங்கள் ஆகலாம். இடையில் வீடு மாறினாலோ பள்ளி மாறினாலோ செல்பேசி எண் மாறினாலோ அலுவலகத்தில் எழுத்தாகக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வையுங்கள். ஒன்பதாம் வகுப்பு முடித்து வேறு பள்ளிக்குப் போகிற பிள்ளைகள் விஷயத்தில் இது அடிக்கடி விட்டுப்போகிறது, கடிதம் பழைய பள்ளி முகவரிக்கே போய்க் கிடக்கும்.